கொழுமடை சொரிமுத்துவின் மூத்த தாரம்

சத்தியம், சத்தியம், மூன்றாம் முறையும் சத்தியம். ஊருக்கு மேற்கே நிற்கிற மலை மேல் சத்தியம், மலையிலிருந்து இறங்கி வருகிற கால்வாய்த் தண்ணீர் மேல் சத்தியம், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த என் பற்களில் மிச்சமிருக்கிறவற்றின் மேல் சத்தியம். நான் சொல்லப்போகிறதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு வாழைப்பூ மடல் மாதிரி தோல் தோலாக உரிந்து கீழே விழட்டும். இதற்கு முன்னால் சொன்ன கதைகளில், குளத்து விரால் மீன் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்த கதையில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். மீன் மனுக் கொடுத்தது உண்மை, கையெழுத்தும் போட்டது என்றதுதான் நான் சேர்த்தது. இதில் அந்த மாதிரிச் சேர்மானம் எதுவும் கிடையாது.

எங்கள் கொழுமடையில் சொரிமுத்து என்று ஒருவன். நல்லவன், உழைப்பாளி, சொந்தமாக ஒரு வாழைத்தோட்டம், தாய் தகப்பன் போய்ச்சேர்ந்துவிட்டார்கள், குறை என்று பார்த்தால் சாதகம் ஒன்றுதான். சாதகத்தைப் பார்த்த நாறும்பூ ஜோசியர், “பயலுக்கு ரெண்டு தாரம். மூத்த தாரம் தங்காது” என்று சொல்லிவிட்டு, மழை வரும் வராது என்று சொன்னது போல வெற்றிலையைக் குதப்ப ஆரம்பித்துவிட்டார். தங்காத தாரமாக எந்தத் தகப்பன் பெண்ணைக் கொடுப்பான்? அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. முதல் தாலியை ஒரு வாழைக்குக் கட்டுவது, கட்டின கையோடு வாழையை வெட்டிச் சாய்ப்பது, தோஷம் வாழையோடு போயிற்று என்று தலைமுழுகிவிட்டு வந்து, இரண்டாம் தாலியைப் பெண்ணுக்குக் கட்டுவது.

அப்படியே சொரிமுத்துவின் தோட்டத்தில், இன்னும் குலை தள்ளாத இளம் ரஸ்தாளி ஒன்றைப் பார்த்து, சிவப்புச் சேலை சுற்றி, பொட்டு வைத்து, பூச்சூட்டி, வாழைக்குப் போய் யாராவது தங்கம் செய்வார்களா என்று மஞ்சள் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்கள். சொரிமுத்து மூன்று முடிச்சுப் போட்டான். முடிச்சுப் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அரிவாளை வீசினான்.

இங்கேதான் தப்பு நடந்தது. பிறந்ததிலிருந்து வாழையோடு புழங்குகிற ஊர் இது. வாழையை இடுப்பளவில் வெட்டினால் சாகாது, கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், வெட்டின தண்டின் நடுவிலிருந்து மறுநாளே குருத்து விரல் நீட்டும் என்பது எங்கள் ஊரில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் விவசாயி என்பதை மறந்து சொந்தக்காரர்கள் ஆகிவிடுவோம். ஜோசியர் வெட்டச் சொன்னார், வெட்டினோம். தோண்டச் சொல்லவில்லை, தோண்டவில்லை. ஒப்பாரிக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று சொரிமுத்துவின் சித்தி கொஞ்சம் அழுதாள், பிறகு எல்லோரும் காப்பி குடித்தோம்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். நிச்சயத்துக்கு வருகிற வழியில் பெண்வீட்டார் பஸ்ஸில் ஒரு மின்வாரிய மாப்பிள்ளையைப் பார்த்து, அவர் இறங்கின நிறுத்தத்திலேயே அவர்களும் இறங்கிவிட்டார்கள்.

சொரிமுத்து தனியாகவே இருந்தான். அந்த வருஷம்தான் வாடல் நோய் வந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அடியிலை மஞ்சளாகும், பிறகு அடுத்தது, பிறகு எல்லா இலையும் காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினது போலத் தொங்கும், அடித்தண்டு விரிசல் விட்டு வாய் பிளக்கும். மேலக்காடு போயிற்று, கீழக்காடு போயிற்று, சொரிமுத்துவின் தோட்டத்திலும் வரிசை வரிசையாகப் பாவாடை கட்டிக்கொண்டு செத்தன. ஒன்றே ஒன்று மட்டும், அன்றைக்கு வெட்டின அதே கிழங்கிலிருந்து கிளம்பினது, ஒன்றும் நடக்காதது போலப் பச்சைப் பசேலென்று நின்றது.

செய்தி கேட்டு, டவுனில் இருக்கிற செழுமை திசு வளர்ப்பு நிலையத்திலிருந்து ஜெபசிங் என்கிற விற்பனை மேலாளர் காரில் வந்தார். வாடல் நோய் தாக்காத ஒரு தாய்மரத்தைத்தான் அவர் ஜில்லா ஜில்லாவாகத் தேடிக்கொண்டிருந்தார். அதன் பக்கக் கன்று ஒன்றைத் தோண்டிக்கொண்டுபோய், கிழங்கின் நுனியில் நகக்கண் அளவு சதையை எடுத்து, மருந்துத் தண்ணீரில் கழுவி, கண்ணாடிப் புட்டிக்குள் கூழ் ஊற்றி அதில் வைத்தார்கள். ஒன்று நாலானது, நாலு நாற்பதானது, நறுக்க நறுக்க வந்தது, வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகள் கை ஓயும்வரை நறுக்கினார்கள். ஒவ்வொரு புட்டியிலும் விரல் நீளத்துக்கு ஒரு வாழை நின்றது. ஒவ்வொரு வாழையின் கழுத்திலும் தலைமயிர் கனத்தில் ஒரு மஞ்சள் கயிறும், கயிற்றில் கடுகளவு மஞ்சள் துண்டும், பின்பக்கம் மூன்று முடிச்சும் இருந்தன.

முதலில் பூஞ்சைக்காளான் என்று நினைத்துப் புட்டிகளைக் கொட்டினார்கள். மறுபடியும் வளர்த்தார்கள், மறுபடியும் கயிறு வந்தது. கடுமையான மருந்தில் கழுவினார்கள், கயிறு இன்னும் பளிச்சென்று ஆனது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பஞ்சுநூல், மஞ்சள் என்று பதில் வந்தது. ஜெபசிங் ஒரு நாள் முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் எழுந்து விளம்பரம் அடித்தார்: ‘மங்களம் ரஸ்தாளி. வாடாத வாழை. கழுத்துக் கயிறு பார்த்து வாங்கவும். கயிறு இல்லாதது போலி.’ அவ்வளவுதான். மூன்று தாலுகாவிலும் மங்களம் ரஸ்தாளி நட்டார்கள். சாதாரணக் கன்றுக்கு மஞ்சள் கயிறு கட்டி விற்ற ஒருவனைச் சந்தையில் பிடித்து, அத்தனை கன்றுக்கும் அவன்தான் புருஷன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

கயிறு எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. தாலி கட்டினால் கயிறு இருக்கத்தானே செய்யும் என்றார்கள். யாருடைய தாலி என்பதும் எல்லோருக்கும் தெரியும், சொரிமுத்துவின் தோட்டத்து மூத்த மரத்தின் கழுத்திலும் சருகுக்குள் அதே கயிறு கிடந்தது. எங்களுக்கு இருந்த சந்தேகமெல்லாம் முறை பற்றினதுதான். சொரிமுத்துவுக்கு இளையவர்களுக்குச் சிரமமில்லை, அண்ணன் பெண்டாட்டி முறை, வரப்பில் நின்று, “மைனி, நான்தான், தண்ணி திருப்ப வந்திருக்கேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். மூத்தவர்கள் பாடுதான் கஷ்டம். தம்பி பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தார் வெட்டி, பாதிப் பேர் காலை வெட்டிக்கொண்டார்கள். பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் வரப்போர மரத்துக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தார்கள். தீபாவளிக்கு எல்லாத் தோட்டக்காரர்களும் சொரிமுத்துவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு வேட்டி சட்டை கொடுத்தார்கள், ஏனென்றால் வீட்டில் வளர்கிற பெண்ணைக் கட்டினவன் மாப்பிள்ளைதானே. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று குறைதீர்க்கும் கூட்டத்தில் கேட்டபோது, தோட்டக்கலை அதிகாரி இது சமூகநலத் துறை என்றார், சமூகநலத் துறை அம்மா இது தோட்டக்கலை என்றார், இரண்டு பேருமே போகும்போது ஆளுக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிப் போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் வரும்வரை. மழையில் நனைந்து படுத்துவிட்டான். அன்றைக்கு மூன்று தாலுகாவிலும், தண்ணீர் நிறையக் கிடந்த தோட்டங்களிலும்கூட, மங்களம் ரஸ்தாளி இலையெல்லாம் தொங்கிப்போயிற்று. அவன் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்ததும் இலைகள் நிமிர்ந்தன. ஜெபசிங் இதைத் தட்பவெப்ப அழுத்தம் என்றார். எங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. புருஷன் இருக்கிறவரைக்கும் சுமங்கலி, சுமங்கலியாக இருக்கிறவரைக்கும் வாடல் நோய் அண்டாது, இதில் தட்பவெப்பம் எங்கே வந்தது?

வாழை விவசாயிகள் சங்கத் தலைவர் சிவனணைந்த பெருமாள் அவசரக் கூட்டம் போட்டார். சொரிமுத்து நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது, சொரிமுத்துவைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். அதிலிருந்து அவன் வாழ்க்கை அவன் வாழ்க்கையாக இல்லை. சைக்கிளில் போனாலும் ஹெல்மெட் போடச் சொன்னார்கள். கிணற்றில் குதித்துக் குளிக்கக் கூடாது, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். டவுனிலிருந்து டாக்டர் வாரம் தவறாமல் வந்து ரத்தக் கொதிப்புப் பார்த்தார், அது பஞ்சாயத்துப் பலகையில் மழை அளவுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டது. அவன் தும்மினால் பக்கத்து ஊரில் ஒருவர் என்னவென்று விசாரித்தார். அவனை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். அவனிடம் யாரும் பேசவில்லை. சாயங்காலம் தோட்டத்தில் போய் மூத்த மரத்தின் அடியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவான். மரம் கேட்டுக்கொண்டிருக்கும். வாழை என்ன பதில் சொல்லும்?

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உலகம்மாள் என்று ஒருத்தி இலைக்கடை வைத்திருந்தாள். தம்பிமாரைக் கரையேற்றிக் கரையேற்றித் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள். இலைக்கட்டு வாங்குகிற ஹோட்டல்காரர்கள் அவள் வாய்க்குப் பயந்து கிழிசலைக்கூடச் சொல்ல மாட்டார்கள். சொரிமுத்து ஒரு மத்தியானம் அங்கே போய் நின்றான்.

“என்ன அண்ணாச்சி, இலை வாங்க வந்தியளா, வீட்டுக்காரியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தியளா?” என்றாள், கட்டிக்கிடந்த இலைகளைக் காட்டி.

“ஒத்தை இலை போதும். ஒரு ஆளுதான சாப்பிடுதேன்.”

“மூணு தாலுகாவுல பொண்டாட்டி. ஒத்தை இலைக்கு வந்து நிக்கியளே.”

“அவளுக்குப் பேச்சு வராதுல்லா” என்றான் சொரிமுத்து.

உலகம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை நன்றாகப் பார்த்தாள். “பேச்சுத்தான் வேணும்னா இங்க வாங்க. நான் வாயை மூடி எங்கம்மையே பாத்ததில்ல.”

அவன் சிரித்தான். காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை. தினம் ஒத்தை இலைக்குப் போனான். ஒரு மாசம் போல ஆனதும் உலகம்மாள் ‘அண்ணாச்சி’யை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு எதையும் வைக்கவில்லை, “வாங்க”, “இருங்க”, “சாப்பிட்டாச்சா” என்று மொட்டையாகப் பேசினாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஒருவனை முறை சொல்லாமல் மொட்டையாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வாழைக்கும் தெரிந்தது. அன்றைக்கு மூன்று தாலுகாவிலும் இலை நுனிகள் சுருண்டன.

சங்கத்துக் கட்டிடத்தில் நிற்க இடமில்லை. சிவனணைந்த பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இங்க பாரும் சொரிமுத்து. உம்ம மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா நீரு இன்னொரு தாலி கட்டினா மைனி மனசொடிஞ்சு போவா. மைனி மனசொடிஞ்சா வாடல் வரும். வாடல் வந்தா நாங்க என்ன செய்ய, மலையில ஏறிக் குதிக்கவா?” என்றார்.

சொரிமுத்து, “தலைவரே, ஊரெல்லாம் எனக்குப் பொண்டாட்டி. ஆனா நான் செத்தா என்னாச்சுன்னு கேக்க ஒருத்தி வேண்டாமா?” என்றான்.

“நீரு ஏன்வே சாவீரு? அதுக்குத்தான தீர்மானம் போட்டிருக்கு” என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

நாறும்பூ ஜோசியரைக் கூப்பிட்டார்கள். அவர் கட்டத்தை விரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப சொன்னதுதான் இப்பவும். மூத்த தாரம் போனாத்தான் ரெண்டாவது தாரம் தங்கும். இல்லைன்னா ரெண்டாவதா வாரவதான் போவா” என்றார்.

“மூத்த தாரத்தை வெட்டியாச்சே வே” என்றார் தலைவர்.

“வெட்டினிய. செத்தாளா?” என்றார் ஜோசியர்.

மூத்த தாரம் சாக வேண்டுமென்றால் மூன்று தாலுகாவிலும் கடைசிக் கிழங்குவரை தோண்ட வேண்டும். அவள் சாகவில்லையென்றால் உலகம்மாள் சாக வேண்டும். அப்போது ஜெபசிங் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் நிலையத்திடம் ஒரு யோசனை இருக்கிறது என்றார். அண்ணாச்சியிடமிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துளி நுனி மட்டும் கொடுத்தால், புட்டியில் வைத்து, ஏக்கருக்கு ஒரு சொரிமுத்து வீதம் தயாரித்துத் தர முடியும், நாற்று வாங்கினால் மாப்பிள்ளை இலவசம். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

“ஒரு சொரிமுத்துவுக்கே ஒரு வாய் சோறு போட ஆளில்ல” என்று வாசலில் குரல் கேட்டது. உலகம்மாள் இலையறுக்கிற கத்தியோடு நின்றாள். “செத்தாத்தான் ஆகும்னு இவரு சொல்லுதாரு. வாடவே கூடாதுன்னு நீங்க சொல்லுதிய. இத்தனை ஆம்பளைய இருக்கியளே, கழுத்துல கயித்தோட நிக்காளே அவ, அவகிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டியளா?”

கேட்கவில்லைதான். அவள் திரும்பி நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். உச்சிவெயில், வழியில் வந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள், சொரிமுத்துவின் தோட்டத்து வரப்பில் திருவிழாக் கூட்டம்.

மூத்த மரத்தின் முன்னால் போய் நின்றாள். அன்றைக்குத் தாலி கட்டின அதே கிழங்கு, தலைமுறை தலைமுறையாகப் பக்கக் கன்று போட்டு, அதே இடத்தில் நின்றது. உலகம்மாள் கத்தியை மண்ணில் வைத்தாள். தொங்கின காய்ந்த சருகையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள், சிக்குப் பிடித்த தலையைக் கோதிவிடுகிற மாதிரி. பிறகு உட்கார்ந்து பேசினாள்.

“அக்கா, என்னை உனக்குத் தெரியும். இத்தனை நாளா உன் கையை அறுத்துத்தான் நான் கஞ்சி குடிக்கேன். ஒரு நாளும் நீ முகம் சுளிச்சதில்ல. நான் உன் புருஷனைப் பிடுங்க வரல. அவருக்குக் காய்ச்சல் வந்தா நீ வாடு, நான் ரசம் வைக்கேன். உனக்கு லட்சம் கழுத்து இருக்கு, லட்சம் தாலி இருக்கு. எனக்கு ஒரு கழுத்துதான். ஒண்ணே ஒண்ணு குடு.”

காற்று இல்லை. ஒரு இலையும் ஆடவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் உள்ள தூரத்தில் நின்றேன். மரத்தின் கழுத்தில் இருந்த கயிற்றின் முதல் முடிச்சு அவிழ்ந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது முடிச்சுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, எந்தப் பெண்பிள்ளைக்கும் எடுக்கத்தானே செய்யும். பிறகு கயிறு வழுக்கி அவள் மடியில் விழுந்தது.

அந்த மரத்தின் அடியிலை அன்றைக்குச் சாயங்காலமே மஞ்சளாயிற்று. ஒரு வாரத்தில் எல்லா இலையும் ஒடிந்து, சுற்றிலும் பாவாடை கட்டினது போலத் தொங்கி, அடித்தண்டு வாய் பிளந்து, மூத்த தாரம் செத்தாள். மங்களம் ரஸ்தாளியில் வாடல் நோயில் செத்த ஒரே மரம் அதுதான், ஜெபசிங் அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எழுதிக்கொண்டார். மற்ற எல்லாத் தோட்டத்திலும், எல்லாக் கழுத்திலும் கயிறு இருந்தது. சுருண்ட இலைகள் விரிந்தன. இந்தத் தடவை சொரிமுத்து தன் கையாலேயே கிழங்கைத் தோண்டி எடுத்தான். கண்ணை மூடவில்லை. தோண்டி முடித்துவிட்டு அந்தக் குழியோரத்தில் உட்கார்ந்து அழுதான், உலகம்மாள் வாய்க்காலில் இறங்கி, மூத்தாளுக்கு முழுகுகிற மாதிரி முறையாகத் தலைமுழுகினாள். நாறும்பூ ஜோசியர் வரப்பில் நின்று, “நான் அப்பவே சொன்னேம்லா” என்றார். யாரும் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று பந்தல் வாசலுக்கு வாழை வெட்ட எவனுக்கும் தைரியமில்லை. சிவனணைந்த பெருமாளே தன் தோட்டத்திலிருந்து குலையோடு இரண்டை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தி, கல்யாணம் முடிந்ததும் கொண்டுபோய்த் திரும்ப நட்டார். இரண்டும் பிழைத்துக்கொண்டன. உலகம்மாள் கழுத்தில் சொரிமுத்து கட்டினது அந்தக் கயிற்றைத்தான். தங்கம் வேண்டாம் என்றுவிட்டாள். பந்தியில் இலை போட்டதும் கும்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கைவைத்தாள்.

அதிலிருந்து இன்றுவரை உலகம்மாளுக்கு ஒரு தலைவலி வந்தது கிடையாது. சளி பிடித்தது கிடையாது. ஜெபசிங் அவளிடமும் நகக்கண் அளவு கேட்டு வந்தார், அவள் வாயைத் திறந்ததும் வாசலில் செருப்பை விட்டது விட்டபடி ஓடினார்.

புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை வராமல் இருக்குமா? ஒரு தடவை அவன் ஏதோ சொல்ல, அவள் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். விடிந்து பார்த்தால் மூன்று தாலுகாவிலும் அத்தனை வாழையும் சொரிமுத்துவின் வீடு இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. குலை எல்லாம் அந்தப் பக்கம், தம்பி வீட்டுப் பக்கம். தலைவர் சங்கத்து ஆட்களோடு சொரிமுத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். “போய்க் கூட்டிட்டு வாரும் வே. தப்பு உம்ம மேல இல்லாட்டாலும் பரவாயில்ல, தார் முத்துத சமயம்.” மூன்று தாலுகாவில் அவ்வளவு பணிவான புருஷன் கிடையாது. அவனிடம் கேட்டால், பேசத் தெரிந்தவள் ஒருத்தி, பேசத் தெரியாதவள் லட்சம் பேர், இரண்டு பக்கமும் ஒரே கட்சி, நான் என்ன செய்ய என்பான். சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் தாங்காது.

கதை இவ்வளவுதான். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொரிமுத்துவுக்குப் பயந்து சொல்லவில்லை, அவன் சாது. உலகம்மாளுக்குக் கொஞ்சம் பயம் உண்டு, ஆனால் அவள் வாயைத்தான் திறப்பாள். அந்த மற்றவளை, லட்சம் கழுத்துக்காரியை, நினைத்தால்தான் பயம். அதனால் கல்யாண வீட்டிலோ ஹோட்டலிலோ சாப்பிட உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் இந்தக் கதையை எடுக்கிற மாதிரி இருந்தால், முதலில் குனிந்து பாருங்கள். முன்னால் இருப்பது தட்டு என்றால் சொல்லுங்கள். இலை என்றால், தயவுசெய்து சாப்பிட்டு, மடித்து, எழுந்து கைகழுவின பிறகு, மெதுவாக.